எந்தச் சில்லுக்கு எந்தக் கட்டளை

(பாகான் செராயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கம்பைலர் ஆப்ஷன் என்ற பொருளை இந்த ஊரில் பேச வேண்டும் என்று விரும்பிக் கேட்டவன் நான்தான். காரணம் உண்டு. 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுப் பொருத்தகத்தைப் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொடங்கியது. அதே ஆண்டில் ஏஎம்டியும் அங்கே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பால்மரம் சீவிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் பேக்டரி பஸ் ஏறி அந்தப் பக்கம் போனார்கள். நுண்பெருக்கியில் கண்ணை வைத்துத் தங்கக் கம்பியை இணைத்தவர்கள், சில்லைச் சோதித்துப் பெட்டியில் அடுக்கியவர்கள் அவர்கள். அந்தச் சில்லுக்குள் என்னென்ன கட்டளைகள் இருக்க வேண்டும், அவற்றை எந்த நிரல் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்த மேசை மட்டும் வேறு கண்டத்தில் இருந்தது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிரல் எழுதுகிறார்கள். அந்த மேசையில் நடக்கும் விவாதம் அவர்களுக்கும் உரியது. அதனால்தான் இந்தப் பொருள்.

முதலில் சிக்கலைக் காட்டிவிடுகிறேன். 2018-இல் டென்சர்ஃப்ளோ என்னும் இயந்திரக் கற்றல் நூலகத்தின் 1.6 பதிப்பு வந்தது. பைத்தானில் அதை அழைக்கும் முதல் வரியை எழுதி என்டர் தட்டினால், சில கணினிகளில் நிரல் அந்த இடத்திலேயே செத்தது. திரையில் வந்தது ஒரே வரி: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. நிரலில் பிழை இல்லை. பைத்தானும் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பதிப்பின் ஆயத்தக் கோப்புகளை ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைக் குழுவை அனுமதித்துக் கம்பைல் செய்திருந்தார்கள். நிரல் செத்த கணினிகளில் இருந்த பிராசஸருக்கு அந்தக் கட்டளைகள் தெரியாது. அவ்வளவுதான்.

ஏவிஎக்ஸ் 2011-இலேயே இன்டெல் சில்லுகளில் வந்துவிட்டது, ஏழு ஆண்டு போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரே தலைமுறைச் சில்லுகளில் விலை கூடியவற்றுக்கு ஏவிஎக்ஸ் கொடுத்து, மலிவான பென்டியம், செலரான் வரிசைகளுக்கு அதைத் தராமலே இன்டெல் பல ஆண்டுகள் விற்றது. 2020-இல் வெளிவந்த பென்டியம் கோல்டு ஜி6400-இலும் ஏவிஎக்ஸ் கிடையாது. அப்படிப்பட்ட கணினியைப் புதிதாகக் கடையில் வாங்கி வந்த பிள்ளைக்கும் அதே ஒற்றை வரிதான் கிடைக்கும். மூலநிரலிலிருந்து தானே கம்பைல் செய்துகொள்ளலாம் என்பது ஒரு பதில்தான். ஆனால் டென்சர்ஃப்ளோவைக் கம்பைல் செய்ய மணிக்கணக்கில் நேரமும் நிறைய நினைவகமும் வேண்டும். வலுக்குறைந்த கணினி வைத்திருப்பவரிடம்தான் நாம் இதைச் செய்யச் சொல்கிறோம்.

கம்பைலர் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் சி மொழியில் எழுதும் வரியை அது பிராசஸரின் கட்டளைகளாக மாற்றுகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசியும், இலினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த எல்எல்விஎம்மும்தான் இன்று உலகின் பெரும்பகுதி நிரல்களை உருவாக்குகின்றன. இரண்டு பட்டியல்களில் உள்ள பத்தாயிரம் ஒற்றைத் துல்லியத் தசம எண்களை இணை இணையாகக் கூட்டும் ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்இ கட்டளைகளை அனுமதித்தால் கம்பைலர் தரும் நிரல் ஒரே நேரத்தில் நான்கு இணைகளைக் கூட்டும். ஏவிஎக்ஸ் என்றால் எட்டு. ஏவிஎக்ஸ்-512 என்றால் பதினாறு. மூலநிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கம்பைலருக்குக் கொடுத்த ஆப்ஷன் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே ஆப்ஷன் எழுதுகிறவர், அந்த நிரல் யாருடைய கணினியில் ஓடும், யாருடைய கணினியில் ஓடாது என்பதைத் தீர்மானிக்கிறார். அவர் அதை அறிந்துதான் செய்கிறாரா என்பதே என் கவலை.

அறிந்து செய்ய வேண்டுமென்றால் ஆப்ஷன்களின் அமைப்பு தெளிவாக இருக்க வேண்டும். மூன்று விஷயங்கள் இதில் கலந்து கிடக்கின்றன. ஒன்று அனுமதி: எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம். இதற்கு எம்-ஆர்ச். இன்னொன்று அறிவுரை: அனுமதித்த கட்டளைகளுக்குள், எந்தச் சில்லில் வேகமாக ஓடும்படி வரிசைப்படுத்துவது. இதற்கு எம்-டியூன். அறிவுரை தவறினால் நிரல் சற்று மெதுவாக ஓடும், சாகாது. மூன்றாவது உடன்படிக்கை: ஒரு செயற்கூறு இன்னொன்றுக்கு எண்ணைக் கொடுக்கும்போது பிராசஸருக்குள் இருக்கும் எந்தச் சேமிப்பிடத்தில், அதாவது எந்த ரெஜிஸ்டரில், வைத்துக் கொடுப்பது. இதற்கு எம்-ஏபிஐ. இரண்டு கோப்புகள் இரண்டு விதமான உடன்படிக்கையோடு வந்தால் அவை சேர்ந்து சரியாக ஓடா.

இந்த மூன்றையும் தனித்தனியாக வைப்பதுதான் நேர்மையான அமைப்பு. ஆனால் நடைமுறை அப்படி வளரவில்லை. எம்-சிபியு என்ற ஆப்ஷனைப் பாருங்கள். ஜிசிசியில், இன்டெல், ஏஎம்டி தரும் எக்ஸ்86 வகைச் சில்லுகளுக்கு அது வெறும் அறிவுரை; எம்-டியூனுக்குப் பழைய பெயர், இப்போது கைவிடப்பட்டது. அதே ஜிசிசியில், ஆர்ம் என்னும் வேறு வகைச் சில்லுகளுக்கு அதே ஆப்ஷன் அனுமதியும் அறிவுரையும் சேர்ந்தது. கம்பைல் செய்யும் வரிகளை எழுதிவைத்த கோப்பான மேக்ஃபைலை எக்ஸ்86-இலிருந்து ஆர்முக்குக் கொண்டுபோகிறவர், வேகம் கேட்பதாக நினைத்துக்கொண்டு புதிய கட்டளைகளுக்கும் கதவைத் திறந்துவிடுகிறார். வரலாற்றுக் காரணம் சொல்லலாம், ஏற்கலாம். இனி உருவாக்கும் ஆப்ஷன்களில் இது நடக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.

எம்-ஆர்ச் நேட்டிவ் என்று ஒன்று உண்டு. 'நீ எந்தக் கணினியில் ஓடுகிறாயோ அதில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் எடுத்துக்கொள்' என்று கம்பைலரிடம் சொல்வதாகப் பொருள். தன் கணினியில் தானே ஓட்டும் நிரலுக்கு அது நல்ல ஆப்ஷன். பிறருக்குக் கொடுக்கும் கோப்பில் அது வரவே கூடாது. ஆய்வகத்தின் புதிய கணினியில் கம்பைல் செய்து, மற்றக் கணினிகளுக்குப் பென்டிரைவில் நகலெடுத்தால் பழைய கணினிகளில் அந்த ஒற்றை வரி வரும். 2021-இல் வந்த இன்டெல் ஆல்டர் லேக் சில்லில் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. சில்லுக்குள் தனித்தனியே நிரல் ஓட்டும் பகுதிகளைக் கோர்கள் என்பார்கள்; அதன் பெரிய கோர்கள் ஏவிஎக்ஸ்-512 தெரிந்து வடிவமைக்கப்பட்டவை. சிறிய கோர்களுக்கு அது தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இயங்குதளம் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் என்பதால், இன்டெல் அந்த வசதியையே முடக்கியது. ஒரே சில்லுக்குள் 'நேட்டிவ்' என்பதற்கு இரண்டு பதில் இருக்க முடியும் என்று அதற்கு முன் நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது நம் பள்ளிகளில் சிலர் தொட்டுப் பார்த்திருக்கக்கூடிய ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். 2012 பிப்ரவரியில் அது வெளிவந்தபோது அதிலிருந்த சில்லு ஆர்ம்வி6 வகை. தசம எண் கணக்குக்கான வன்பொருள் அதில் இருந்தது. ஆனால் டெபியன் இயங்குதளம் அப்போது ஆர்ம் சில்லுகளுக்கு இரண்டு ஆயத்தத் தொகுப்புகளைத்தான் வைத்திருந்தது. ஒன்று தசம வன்பொருளை எதிர்பார்க்காத பழைய தொகுப்பு. மற்றது அதைப் பயன்படுத்துவது, ஆனால் ஆர்ம்வி7 கேட்பது. பை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முதலாவதைப் போட்டால் சில்லிலுள்ள தசமப் பகுதி சும்மா கிடக்கும். இரண்டாவதைப் போட்டால் ஓடவே ஓடாது. மைக் தாம்ப்சனும் பீட்டர் கிரீனும் முன்நின்று, ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளை ஆர்ம்வி6 அனுமதி, தசம ரெஜிஸ்டர் உடன்படிக்கை என்ற புதிய ஆப்ஷன்களோடு முதலிலிருந்து கம்பைல் செய்தார்கள். அதுதான் ராஸ்பியன். மலிவான அந்தப் பலகை உலகெங்கும் வகுப்பறைகளுக்குள் நுழைந்ததில் இந்த உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அனுமதியும் உடன்படிக்கையும் தனித்தனி ஆப்ஷன்களாக இருந்ததால்தான் ராஸ்பியனைக் கட்ட முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து சென்னைக்கு வருகிறேன். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி தலைமையில் சக்தி என்னும் பிராசஸர் திட்டம் வளர்ந்தது. 2018-இல் அதன் ஒரு சில்லு அமெரிக்காவில் ஓரிகனிலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. ரீமோ என்ற இன்னொன்று சண்டிகரில் 180 நானோமீட்டரில் வந்தது. 2020-இல் மௌஷிக். 2025-இல் இஸ்ரோவுக்கான ஐரிஸ். இவை எல்லாம் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. அந்தத் தொகுதி 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது; யாரும் உரிமத் தொகை கட்டாமல் பயன்படுத்தலாம்.

ரிஸ்க்-ஃபைவின் அழகு அதன் எழுத்துகளில் இருக்கிறது. ஐ என்றால் அடிப்படை முழு எண் கட்டளைகள். எம் என்றால் பெருக்கலும் வகுத்தலும். ஏ என்றால் பல கோர்கள் ஒரே நினைவிடத்தைச் சண்டையின்றித் தொடுவதற்கான கட்டளைகள். எஃப், டி தசம எண்களுக்கு. சி என்றால் நீளம் குறைந்த கட்டளைகள். சில்லு வடிவமைப்பாளர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். சக்தியின் சிறிய இ-வகைக் கோர் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவர் கம்பைலருக்கு ஆர்வி32ஐஎம்ஏசி என்று சொல்கிறார். எழுத்தைப் பார்த்தாலே சில்லைப் படித்துவிடலாம். எம் எழுத்தை நீக்கிவிட்டு இரண்டு எண்களைப் பெருக்கச் சொன்னால், கம்பைலர் பெருக்கல் கட்டளை வைக்காது. நகர்த்திக் கூட்டும் ஒரு சிறு செயற்கூறை அழைக்கும். மெதுவாக ஓடும், ஆனால் விடை சரியாக வரும். ஆப்ஷன் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்: இல்லாததை இல்லை என்று சொல்லவும் முடிய வேண்டும், சொன்னால் அதற்கேற்ற வழியைக் கம்பைலர் கண்டுபிடிக்கவும் வேண்டும்.

அந்த அழகான அமைப்பிலும் 2022-இல் ஒரு விபத்து நடந்தது. பிராசஸரின் உள்நிலையை வாசிக்க, இடையீடுகளைத் திறக்க மூட, சில கட்டளைகள் உண்டு. 2017-இல் வந்த விவரக்குறிப்பின்படி அவை ஐ எழுத்துக்குள் அடங்கியிருந்தன. 2019-இல் வந்த பதிப்பில் அவற்றைப் பிரித்து ஸிக்சர் என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். மிகச் சிறிய கோர்களுக்கு அவை தேவையில்லை என்பதால் பிரித்தது நியாயம்தான். ஆனால் அசெம்பிளரும் இணைப்பியும் அடங்கிய கருவித் தொகுப்பான பின்யூட்டில்ஸின் 2022 பிப்ரவரியில் வந்த 2.38 பதிப்பு, தானாகவே புதிய பதிப்பைப் பின்பற்றத் தொடங்கியது. முந்தைய நாள் வரை ஓடிய அதே மேக்ஃபைல், அதே மூலநிரல், மறுநாள் கம்பைல் ஆகவில்லை. 'இந்தக் கட்டளை தெரியவில்லை, ஸிக்சர் தேவை' என்று அசெம்பிளர் மறுத்தது. லினக்ஸ் கெர்னலே தடுக்கி விழுந்தது. 'உன் கருவிக்கு ஸிக்சர் என்ற பெயர் தெரியுமா? தெரிந்தால் சேர்த்துக்கொள், தெரியாவிட்டால் சேர்க்காதே' என்று சோதிக்கும் வரிகளை அவசரமாக எழுதிச் சேர்த்தார்கள். பழைய கருவிக்கு அந்தப் பெயர் தெரியாது. புதிய கருவி அந்தப் பெயர் இல்லாமல் நகராது. சிறு கருவிகளுக்கு நிரல் எழுதும் எத்தனையோ திட்டங்களின் மேக்ஃபைல்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் தவித்தன.

பிரித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பழைய எழுத்துக்குக் கொடுத்த வாக்கை மாற்றியதைத்தான் குறை சொல்கிறேன். ஒரு ஆப்ஷன் ஒருமுறை ஒரு கட்டளையை அனுமதித்துவிட்டால், அந்த அனுமதியைப் பின்னாளில் சத்தமில்லாமல் திரும்பப் பெறக் கூடாது. எந்த ஆண்டின் விவரக்குறிப்பு என்று சொல்லத் தனி ஆப்ஷன் இருந்தது. அதைப் பயன்படுத்தி, எதுவும் சொல்லாதவருக்குப் பழைய பொருளையே தொடர்ந்து கொடுத்திருக்கலாம். புதிய பொருளை விரும்புகிறவர் புதிய பெயரை எழுதட்டும்.

சரி, எதுவும் சொல்லாதபோது கம்பைலர் எந்தச் சில்லை மனத்தில் கொள்ள வேண்டும்? இந்தக் கிரியான் வட்டார மக்களுக்கு இதை விளக்குவது எளிது. 1906 முதல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வாய்க்கால் வழியாக நம் வயல்களுக்குத் தண்ணீர் வருகிறது. மதகருகே இருக்கும் வயலைப் பார்த்து நீர்மட்டத்தை முடிவு செய்தால் கடைமடை காயும். கடைசி வயலுக்குப் போய்ச் சேரும் மட்டம்தான் எல்லாருக்குமான மட்டம். கம்பைலரின் இயல்பு நிலையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் புதிய சில்லு வாங்கியவர் வேகத்தை இழக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே செயற்கூறை இரண்டு மூன்று விதமாகக் கம்பைல் செய்து ஒரே கோப்பில் வைத்து, ஓடத் தொடங்கும்போது பிராசஸரைக் கேட்டு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். ஜிசிசி 6 பதிப்பிலிருந்து, செயற்கூறின் தலையில் ஒரு வரி எழுதினாலே இதைக் கம்பைலர் செய்துவிடுகிறது. லினக்ஸின் சி நூலகம் நினைவகத்தை நகலெடுக்கும் வேலையை ஒவ்வொரு கணினியிலும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆயத்தக் கோப்பு வெளியிடுகிற எவருக்கும் நான் பரிந்துரைக்கும் வழி இதுவே.

கேட்கும் கேள்வி மட்டும் சரியாக இருக்க வேண்டும். இன்டெல்லின் சொந்தக் கம்பைலர் ஒரு காலத்தில் 'உனக்கு இந்தக் கட்டளை தெரியுமா' என்று கேட்டதோடு நிற்காமல், 'நீ இன்டெல் தயாரிப்புத்தானா' என்றும் பார்த்தது. ஏஎம்டி சில்லுக்கு அந்தக் கட்டளை தெரிந்திருந்தாலும் மெதுவான வழியே கிடைத்தது. டென்மார்க் நாட்டு ஆய்வாளர் அக்னர் ஃபோக் இதை விரிவாக எழுதினார். அமெரிக்க வணிக ஆணையம் 2009 டிசம்பரில் இன்டெல்மீது தொடுத்த வழக்கில் கம்பைலரும் இடம்பெற்றது. 2010 ஆகஸ்ட் சமரசத்தில் இதை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல இன்டெல் ஒப்புக்கொண்டது. தயாரிப்பாளர் பெயர் பிராசஸரின் திறமைக்குச் சான்று ஆகாது. திறமையை நேரே கேட்க வழி இருக்கும்போது பெயரைக் கேட்பது பாரபட்சம்.

இதில் ஒரு பள்ளத்தையும் சொல்லிவிட வேண்டும். அனுபவசாலிகளும் விழும் பள்ளம். ஒரு திட்டத்தில் ஐம்பது கோப்புகள். ஒன்றை மட்டும் ஏவிஎக்ஸ்2 ஆப்ஷனோடு கம்பைல் செய்கிறீர்கள். அந்தக் கோப்பிலுள்ள செயற்கூறுகளைச் சோதித்த பிறகே அழைக்கிறீர்கள். எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆனால் ஹெடர் கோப்பில் உள்ள ஒரு சிறு செயற்கூறு, எடுத்துக்காட்டாக இரண்டு எண்ணில் பெரியதைத் தரும் ஒன்று, பல கோப்புகளில் நகலாகும். இணைப்பி அந்த நகல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடும். வைத்துக்கொண்டது ஏவிஎக்ஸ்2 கோப்பிலிருந்து வந்ததாக இருந்தால், சோதனைக்கு முன்பே ஓடும் சாதாரணக் கோப்பும் அதைத்தான் அழைக்கும். பழைய கணினியில் நிரல் சாகும். எந்தக் கோப்பை முதலில் இணைத்தோம் என்பதைப் பொறுத்து இந்தப் பிழை வரும், போகும். கோப்பு அளவில் அனுமதி கொடுப்பதைவிடச் செயற்கூறு அளவில் கொடுப்பது மேல் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நிரல்கள் சில கணினிகளுக்குப் பொருந்தாமல் போகும். அப்போது வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதிக் கணக்கு முடிந்து, சேமிக்காத வேலையோடு சாவது கொடுமை. எந்த அனுமதியோடு கம்பைல் ஆனது என்பதை ரிஸ்க்-ஃபைவ் கருவிகள் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. எக்ஸ்86-இலும் அப்படிக் குறித்துவைக்க முடியும். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் 2021-இல் வந்த 2.33 பதிப்பு அந்தக் குறிப்பைப் பார்த்து, 'உங்கள் சிபியு தேவையான நிலைக்குக் கீழே இருக்கிறது' என்று தொடக்கத்திலேயே மறுக்கிறது. அந்தச் செய்தியைப் படிக்கும் மாணவருக்குக் குறை எங்கே என்று தெரியும். தன்மேல் பழி போட்டுக்கொள்ள மாட்டார்.

'நிலை' என்றேனே, அது 2020-இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே நான்கும் சேர்ந்து வகுத்தது. கட்டளைக் குழுக்கள் பெருகியபோது பத்து ஆப்ஷன்களுக்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் வந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் எவராலும் சோதிக்க முடியாது. அதனால் வி1 முதல் வி4 வரை நான்கு படிகள். படிகள் நல்லவைதான். ஆனால் படி ஏறும்போது யாரோ கீழே நிற்கிறார்கள். ரெட் ஹேட் லினக்ஸ் 9, 2022-இல் வி2 கேட்டது. 2025-இல் 10 வந்து வி3 கேட்டது. ஆல்மாலினக்ஸ் குழு அதே 10-ஐ வி2-க்கும் தனியாகக் கம்பைல் செய்து கொடுத்தது. ரிஸ்க்-ஃபைவிலும் ஆர்விஏ23 என்ற படி 2024 அக்டோபரில் ஏற்கப்பட்டது. உபுண்டு 25.10 அதையே குறைந்தபட்சம் என்று அறிவித்தபோது, மக்கள் கையில் அதுவரை இருந்த ரிஸ்க்-ஃபைவ் பலகைகள் பழைய 24.04-இலேயே தங்க நேர்ந்தது. வளரும் தொழிலுக்கு அது தேவையான முடிவு என்று வாதிடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஆல்மாலினக்ஸ் செய்ததே எனக்கு உகந்தது: ஆப்ஷனை மாற்றி இன்னொரு முறை கம்பைல் செய்ய இயந்திர நேரம்தான் செலவு, பலகையை மாற்றச் சொன்னால் ஒரு குடும்பத்தின் பணம் செலவு.

2025 மார்ச்சில் மலேசிய அரசு ஆர்ம் நிறுவனத்தோடு பத்து ஆண்டுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்தது. சில்லு வடிவமைப்பில் பத்தாயிரம் பொறியியலாளர்களைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இங்கே பின்வரிசையில் இருக்கும் மாணவர்களே, உங்களில் சிலர் அதில் சேருவீர்கள். சில்லில் ஒரு புதிய கட்டளையைச் சேர்க்கும் வேலை உங்கள் கைக்கு வரும்போது, அதற்கான கம்பைலர் ஆப்ஷனையும் அன்றைக்கே எழுதுங்கள்: தனிப் பெயரோடு, நீக்கவும் வழியோடு, வேக அறிவுரையோடு கலக்காமல். அதுவரை, நண்பருக்கு ஒரு நிரலைக் கொடுக்கும்போது எந்த எம்-ஆர்ச் வரியோடு கம்பைல் செய்தீர்கள் என்பதை ரீட்மீ கோப்பின் முதல் வரியில் எழுதுங்கள்; பள்ளி ஆய்வகத்தில் இருப்பதிலேயே பழைய கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.